தையில் காட்டின கிணறு

ஏழாம் வாய்க்கால்,
ஒட்டுசுட்டான்.
24.08.2025, ஞாயிற்றுக்கிழமை

என்ர அன்புத் தங்கச்சி மீனம்மா அறிய,

அக்கா கமலாட்சி எழுதிறன். கால் உளைவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் உன்ர மனிசனும் பிள்ளை ஜெயரூபியும் சுகமா இருக்கோணும் எண்டு காலமை பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டு வந்துதான் பேனையைப் பிடிச்சனான்.

கடிதத்தைக் கண்டு நெஞ்சைப் பிடிக்காதை. இஞ்ச ஒருதரும் சாகேல்லை. போன் அடிச்சால் நீ எடுக்கிறாயில்லை, அதுதான் எழுதிறன். வட்ஸ்அப்பில அனுப்பினால் ஒரு சரிக்குறியோட நிக்குது, ரெண்டாவது விழுகுதில்லை. அதென்ன பிள்ளை ஒண்டோட நிக்குது எண்டு பிரேமிளாவிட்டைக் கேட்டனான். பிரேமிளாவை உனக்குத் தெரியும்தானே, சூம் கூட்டத்தில மைக்கை மூடுங்கோ, மைக்கைத் திறவுங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு இருக்கிற கண்ணாடிப் பிள்ளை. அவள் முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு, நெட்வேர்க் பிரச்சினையா இருக்கும் அம்மா எண்டாள். பாவம், எனக்கு விளங்காதெண்டு நினைச்சிட்டாள். பதினெட்டு நாளா ஒரே நெட்வேர்க் பிரச்சினையோ. நீ என்னை மறிச்சுப்போட்டாய்.

சரி, மறி. அதுக்கு உனக்கு நியாயம் இருக்கு. ஆனா தபால்காரரை மறிக்க உனக்கு வழி தெரியாது. இந்தக் கையெழுத்தும் உனக்குத் தெரியும். இதை ஒருதரும் வெட்டி ஒட்டி மாத்தேலாது. அதால முதலில இருந்து எழுதிறன். உனக்குத் தெரிஞ்சதும் இதுக்குள்ள வரும், பொறுத்துக்கொண்டு வாசி. என்ர பக்கத்தை நீ ஒருநாளும் முழுசாக் கேக்கேல்லை.

போன வருஷம் ஐப்பசியில அங்கத்தை நிறுவனமும் இஞ்சத்தை நிறுவனமும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கிச்சினம். இந்தியாவில முகாமுகளில இருக்கிற எங்கட சனம் திரும்பி வாறதெண்டால் இஞ்சத்தை நிலைமையை இஞ்ச இருக்கிற ஆக்களே நேர சொல்லோணும் எண்டு முடிவு. அதிகாரிமார் சொன்னால் சனம் நம்பாது எண்டு அவைக்கே தெரியும். அதால ஊருக்கு ஒரு வாய் தேடி வந்தவை. இந்த ஏழாம் வாய்க்காலில வாய்க்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்? எங்கட அம்மா சொல்லுவா, கமலாட்சிக்குக் கையைக் கட்டினாலும் வாயைக் கட்டேலாது எண்டு. அந்த வாய்க்கு அறுபத்தொரு வயசில ஒரு வேலை கிடைச்சது.

முதல் சூம் கூட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரெண்டு நாட்டுப் பெரியாக்களும் ஒவ்வொரு பெட்டிக்குள்ள இருந்து மாறி மாறி வாழ்த்துச் சொல்லி முடிய முக்கால் மணித்தியாலம் போச்சு. பிறகு உங்கட முகாமில இருந்து ஒரு மனிசி, கழிப்பறைக்குப் போகேக்கை ஆனை வந்தால் என்ன செய்யிறது எண்டு கேட்டா. ஒரு பெரியவர், அது இண்டைக்கு எடுத்த விஷயம் இல்லை எண்டு மறிக்கப் பாத்தார். நான் விடேல்லை. ஆனை வரும், ஆனா உங்களை மாதிரி வரிசையில நிக்காது, அவசரத்தோட வந்து அவசரத்தோட போயிடும் எண்டன். அண்டைக்கு நீ சிரிச்ச சிரிப்பில உன்ர போன் கீழ விழுந்து, கொஞ்ச நேரம் எங்களுக்கு உங்கட கூரைத் தகரம்தான் தெரிஞ்சது.

அதுக்குப் பிறகுதான் சனம் என்னட்டைக் கேக்கத் தொடங்கிச்சு. பாம்பு இருக்கோ, இருக்கு. ஆஸ்பத்திரி கிட்டவோ, இல்லை, மாங்குளத்துக்கோ முல்லைத்தீவுக்கோ போகோணும். வீட்டுத்திட்டம் உடனை கிடைக்குமோ, பதிஞ்சுபோட்டு இருக்கோணும், எப்ப எண்டு நான் சொல்லேலாது. ஒண்டையும் நான் மறைக்கேல்லை. உங்கட முகாமில வீட்டு லைன் லைனாப் போய், இது எங்க அக்கா, அவளுக்குப் பொய் வராது எண்டு நீ என்ர வீடியோவைக் காட்டிக்கொண்டு திரிஞ்சதும் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு ரெண்டு நாள் நான் நிலத்தில நிக்கேல்லை.

பிறகு தையில அந்தக் கிணத்து வீடியோ.

பொங்கல் முடிஞ்சு நாலாம் நாள் பிரேமிளா வந்தவள். மாரி மழை நல்லாப் பெய்து குளம் நிரம்பி வான் பாய்ஞ்ச நேரம். வாய்க்கால் நிறையத் தண்ணி. எங்கட கிணத்தில எட்டிக் கையால அள்ளலாம் போல கிடந்தது. கிணத்துக் கட்டில நிண்டு ஏதாவது சொல்லுங்கோ அம்மா எண்டாள். நான் ஒரு வாளி அள்ளி, குடிச்சுக் காட்டி, இந்தக் கிணறு ஒருநாளும் வத்தாது, பயப்பிடாமல் வா எண்டு சொன்னன். ஒருதரும் எழுதித் தரேல்லை. பிரேமிளா சொல்லித் தரவும் இல்லை. என்ர வாய்தான்.

இஞ்ச குடியேற்றத் திட்டத்தில இருக்கிற எவருக்கும் தெரியும், தைக் கிணறு ஊரை ஏமாத்தும் எண்டு. கோடையில சிறுபோக நெல்லுக்கு வாய்க்காலில தண்ணி விட்டால்தான் இந்தக் கிணறுகளில ஊத்து வரும். குளத்தில தண்ணி குறைஞ்சால் கூட்டம் வைச்சு, இந்த முறை இத்தினை ஏக்கருக்குத்தான் எண்டு பிரிப்பினம். வாய்க்கால் கடைசியில இருக்கிறது நாங்கள், முதலில வெட்டு விழுகிறதும் எங்களுக்குத்தான். தண்ணி வராத வருஷம் ஆவணியில கிணத்துக்கு அடி தெரியும். கல்யாணம் பேசி வாறவைகூடப் பொம்பிளையைத் தையில பாத்தாலும் கிணத்தை ஆவணியில பாப்பினம். இதெல்லாம் தெரிஞ்ச நான்தான் வத்தாது எண்டு சொன்னன். ஏன் சொன்னனான் எண்டு பிறகு எழுதிறன். இப்ப எழுத வெக்கமா இருக்கு.

அந்த வீடியோவைப் பாத்திட்டு ஆனியில முதல் குடும்பம் வந்திறங்கிச்சு. சுகிர்தன், பெண்சாதி தர்மிளா, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். உங்கட முகாமில ஆறாம் லைன், உனக்குப் பழக்கமான சனம். தர்மிளாவின்ர தேப்பன்ர காணி எங்கட காணிக்கு எதிர்ப்புறம். தகரக் கொட்டில் ஒண்டு போட்டினம். நான் நாலு கதிரையும் ரெண்டு சட்டியும் குடுத்தனான். வந்த புதுசில எங்கட கிணத்தில இன்னும் இடுப்பளவு தண்ணி கிடந்தது, பிள்ளையள் ரெண்டும் நாள் முழுக்கக் குளிக்குங்கள். இந்த முறை எங்கட வாய்க்காலுக்குச் சிறுபோகத் தண்ணி இல்லை எண்டு குளத்துக் கூட்டத்தில முடிவாகி இருந்தது. நான் அதை அவளுக்குச் சொல்லேல்லை. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு தள்ளிக்கொண்டு வந்தன்.

ஆடிக் கடைசியில ஒரு பின்னேரம் தர்மிளா வாளியோட வந்தாள். நான் குசினிக்குள்ள நிண்டனான். கயிறு ஓடுற சத்தம் கேட்டது, பிறகு வாளி போய்ச் சேத்தில இருந்த சத்தம். நான் அடுப்படியை விட்டு வெளியில வரேல்லை. அவள் சண்டைக்கு வந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பன். அவள் போனை எடுத்து, திரும்பவும் வாளியைக் கீழ விட்டு, அந்தச் சத்தத்தை மட்டும் பதிஞ்சு, இதுதாங்க கமலாட்சியம்மா கிணறு எண்டு சொல்லி, எல்லாரும் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பில போட்டாள்.

பிறகு நடந்தது உனக்குத்தான் என்னை விடக் கூடத் தெரியும். நானூத்துச் சொச்சம் பேர் இருந்த குறூப்பில இருந்து ஒரு இரவுக்குள்ள பாதிச் சனம் வெளியேறினது. வரப் பெயர் குடுத்த பதினொரு குடும்பத்தில ஒன்பது பெயரை எடுத்துப்போட்டினம். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ள மறைச்சவள் எண்டு எனக்குப் பட்டம். பிரேமிளாவை மேலிடத்தில கூப்பிட்டு ஏசினவையாம். ரெண்டு நாட்டுக் கடிதப் போக்குவரத்து எல்லாம் முடிஞ்சு, கையெழுத்தெல்லாம் வைச்சு, ஒரு வருஷமாச் சேர்த்துக் கட்டின நம்பிக்கை என்ர ஒரு வாளியில போச்சு.

நீ ஒண்டும் எழுதேல்லை. ஏசி ஒரு சொல்லுக்கூட எழுதாமல் குறூப்பை விட்டுப் போனாய்.

அடுத்த நாள் உன்ர நம்பருக்கு அடிக்க ஜெயரூபி எடுத்தாள். பெரியம்மா, அம்மா பேச மாட்டாங்க, இங்க எல்லாரும் எங்கம்மாகிட்டதான் வந்து கேக்கிறாங்க எண்டாள். அங்க யாரும்மா நமக்கு இருக்கான்னு நான் கேட்டப்போவெல்லாம் எங்க அக்கா இருக்கான்னாங்க, இனி என்ன சொல்லுவாங்க எண்டும் கேட்டாள். மரியாதையாத்தான் கேட்டாள்.

இனி எழுத ஏலாமல் கிடக்கு. பிறகு தொடருறன்.

28.08.2025, வியாழக்கிழமை

நேற்று ஒரு வேலை செய்தனான். சரியோ பிழையோ தெரியாது.

ஆவணிக் கிணத்தையும் படம் பிடிச்சுப் போடுவம் எண்டு பிரேமிளாவிட்டைக் கேட்டன். அவள் யோசிச்சுப்போட்டு, அம்மா, ரெண்டு பக்கமும் பெரியாக்கள் பாத்துக்கொண்டு இருக்கினம், இப்ப வேண்டாம், மழை வந்து கிணறு நிறைய நல்லதா ஒண்டு எடுத்துப் போடுவம் எண்டாள். நல்ல பிள்ளைதான், வேலை போயிடும் எண்ட பயம் அவளுக்கு. ஆனா மழை வந்தாப் பிறகு எடுத்தால் அது திரும்பவும் தை வீடியோதானே.

அப்ப ஆரைப் பிடிக்கிறது? எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. எடுத்தால் என்ர கட்டைவிரல்தான் முழுக்க விழுகும். அதால வேலியால குனிஞ்சு தர்மிளாவிட்டைப் போனனான். அவள் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிண்டவள், திரும்பிப் பாக்கேல்லை. பிள்ளை, உன்ர போனைக் கொண்டு வா, நான் கிணத்துக்குள்ள இறங்கிறன், நீ படம் எடு எண்டன். அவள் என்னை ஏற இறங்கப் பாத்திட்டு, இந்த வயசில விழுந்து கிழுந்து வச்சீங்கன்னா அதுக்கும் நான்தான் காரணம்னு சொல்லுவாங்க எண்டாள். கதைச்சாளே எண்டு எனக்கு ஒரு சந்தோஷம்.

சுகிர்தன் கயிறு பிடிக்க, படிக்கல்லில காலை வைச்சு வைச்சு இறங்கினன். அடியில முழங்காலளவு சேறு, நடுவில ஒரு சட்டியளவு கலங்கல் தண்ணி. மேல பாத்தால் வானம் ஒரு தோசைக்கல்லளவு, அதுக்குள்ள தர்மிளாவின்ர தலை. அங்க நிண்டு சொன்னன். இது ஆவணி. தையில நான் காட்டினதும் இதே கிணறுதான். வத்தாது எண்டு சொன்னது பொய். தண்ணி விடாத வருஷம் ஆவணி, புரட்டாதி ரெண்டு மாசமும் பவுசர் லொறியில வாற தண்ணிதான், கிழமைக்கு ரெண்டு தரம் வரும். குடிக்கக் காணும், தோட்டத்துக்குக் காணாது. என்னை நம்பி வந்த தர்மிளா குடும்பத்திட்டை மன்னிப்புக் கேக்கிறன். அவ்வளவுதான் சொன்னன். ஏறி வரேக்கை மூச்சு வாங்கிப் பாதியில நிண்டதும் அந்த வீடியோவில விழுந்து போச்சு. வெட்டட்டா எண்டு தர்மிளா கேட்டாள், வெட்டாதை எண்டன்.

போட்டாச்சு. குறூப்பில மிச்சம் இருந்த சனம் பாத்தது. ரெண்டு பேர் அழுகிற முகம் போட்டினம். இதை யார் எழுதிக் கொடுத்தாங்க எண்டு ஒருவர் கேட்டார். சனம் வராமல் மறிக்க ஆரோ காசு குடுத்துச் சொல்ல வைச்சது எண்டு இன்னொருத்தர். தையில ஒண்டு சொல்றீங்க, ஆவணியில ஒண்டு சொல்றீங்க, எதைத்தான் நாங்க நம்புறது எண்டு ஒரு பிள்ளை வொய்ஸில கேட்டிச்சு. அந்தக் குரலில கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ரெண்டையும் நம்பு பிள்ளை எண்டு பதில் போட்டன். அதை ஒருதரும் சட்டை பண்ணேல்லை.

பொய் சொல்ல ஒரு நிமிஷம் போதும், மீனம்மா. உண்மை சொல்லக் கிணத்துக்குள்ள இறங்கியும் காணேல்லை. நேற்று இரவுதான் நினைச்சன், இந்தக் கடிதத்தை எப்பிடியும் எழுதி முடிக்கோணும் எண்டு.

தர்மிளா இண்டைக்குக் காலமை பவுசர் வரேக்கை என்ர தண்ணிப் பரலையும் தன்ர பரலுக்குப் பக்கத்தில உருட்டிக்கொண்டு போய் வைச்சாள். நான் கேக்கேல்லை. பரல் நிறையிற நேரம், அம்மா, மழை வந்தா நெஜமாவே நெறையுமா எண்டாள். நிறையும், ஆனா என்ர வாயை நம்பாதை, கார்த்திகையில நீயே எட்டிப் பார் எண்டன். சிரிச்சாளோ இல்லையோ தெரியாது, அங்கால திரும்பி நிண்டவள்.

31.08.2025, ஞாயிற்றுக்கிழமை

இண்டைக்குக் கூட்டம் இருந்தது. சூமில மொத்தம் பதினாலு பேர். அதில அரைவாசி பெரியாக்கள். இனி நான் இந்த வேலைக்கு வேண்டாம், தர்மிளாவைப் பேச விடுங்கோ, அவள் அங்கயும் இருந்தவள், இஞ்சயும் இருக்கிறவள் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். பிரேமிளா அழுதுகொண்டு மைக்கை மூட மறந்துபோனாள்.

இனிச் சொல்லுறன், ஏன் பொய் சொன்னனான் எண்டு.

தையில பிரேமிளா போனை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிக்க, எனக்குக் கதை வரேல்லை. நம்புவியோ? கமலாட்சிக்குக் கதை வரேல்லை. அப்ப அவள், எல்லாருக்கும் எண்டு நினைக்காதேங்கோ அம்மா, அங்க இருக்கிற ஒருதரை நினைச்சுக்கொண்டு அவருக்குச் சொல்லுங்கோ, அப்பதான் இயல்பா வரும் எண்டாள். அவளுக்குப் பயிற்சியில சொல்லிக் குடுத்ததாம். நான் உன்னை நினைச்சன். நினைச்ச உடனை அந்தப் போன், அந்தப் பிள்ளை, ரெண்டு நாட்டுப் பெரியாக்கள் ஒண்டும் என்ர கண்ணுக்குத் தெரியேல்லை. நீ மட்டும் நிண்டாய், பத்தொன்பது வயசில நீ இருந்த மாதிரி. வத்தாது, பயப்பிடாமல் வா எண்டு உனக்குத்தான் சொன்னன். ஊருக்குச் சொல்லேல்லை. ஊர் அதை எடுத்துக்கொண்டது.

தர்மிளாவின்ர பிள்ளையள் இண்டைக்குக் கலங்கல் தண்ணியில முகம் கழுவுறதுக்கு உன்னில நான் வைச்ச ஆசைதான் காரணம். இதைக் குறூப்பில சொல்லேலாது. ஆருக்கு விளங்கும்?

உனக்குத் தெரியும், தொண்ணூறாம் ஆண்டு நான் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில விஜிதரனைப் பெத்துக்கொண்டு கிடக்கேக்கை நீங்கள் மன்னாருக்குப் போய் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினனீங்கள். மூண்டாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாறன், வீட்டில நீ இல்லை. அவசரம், குண்டு விழுந்த நேரம், எல்லாம் எனக்கு விளங்கும். நீ ஒருநாளும் பிழை செய்தனீ எண்டு நான் நினைச்சதில்லை. ஆனா என்னோட ஒரு சண்டைகூடப் பிடிக்காமல் போனாய். கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டில இருந்து லொறியில வந்த உன்ர ஆறு வயசில இருந்து நீ என்னோட சண்டை பிடிக்காத நாள் இருந்ததோ? சோத்துக் கோப்பைக்குச் சண்டை, பாவாடைக்குச் சண்டை, ஆர் அம்மாவுக்குப் பக்கத்தில படுக்கிறது எண்டு சண்டை. முப்பத்தைஞ்சு வருஷமா அந்தச் சத்தத்துக்குத்தான் என்ர காது ஏங்கிக் கிடக்கு. போனில கதைக்கேக்கை நாங்கள் ரெண்டு பேரும் விருந்தாளியள் மாதிரித்தானே கதைக்கிறம். சாப்பிட்டாயோ, மழையோ, மருந்து குடிச்சியோ. இப்ப திரும்பவும் ஒரு சொல்லும் சொல்லாமல் போயிட்டாய். இது ரெண்டாம் தரம்.

என்ர மனிசன் கண்ணை மூடி நாலு வருஷம். விஜிதரன் கட்டாரில இருந்து கிழமைக்கு ஒருக்கா எடுப்பான். வீட்டில ரெண்டு அறை, ஒண்டில நெல்லு மூட்டை, மற்றதில நான். இதை உன்ர மனசை இளக்க எழுதேல்லை, நிலைமை எண்டு எழுதிறன். சரி, கொஞ்சம் இளக்கவும்தான்.

இனி எல்லாத்தையும் ஒழுங்கா எழுதிறன், வாசிச்சுப்போட்டு நீங்கள் மூண்டு பேரும் இருந்து யோசியுங்கோ. உனக்கு எண்டு நான் சொன்ன அரை ஏக்கர் அப்பாவின்ர காணியில இருக்கு, ஆனா காணிப் பேமிற் இன்னும் அப்பாவின்ர பேரில. மாத்தச் சொல்லி என்ர மனிசன் இருக்கேக்கை சொன்னவர், நான்தான் சோம்பல் பஞ்சியில கந்தோருக்கு அலையேல்லை. இப்ப அலையத் தொடங்கியிருக்கிறன், எப்ப முடியும் எண்டு தெரியாது. உன்ர மனிசன்ர சீனி வருத்தத்துக்கு மருந்து கிளினிக்கில குடுக்கினம், ஆனா விடியவே போய் நிக்கோணும், பஸ்ஸும் நேரத்துக்கு வராது. ஜெயரூபியின்ர தாதிப் படிப்பை இஞ்ச ஏற்பினமோ எண்டு பிரேமிளாவிட்டை மூண்டு தரம் கேட்டன், மூண்டு தரமும் விசாரிச்சுச் சொல்லுறன் எண்டாள். விசாரிச்சுச் சொல்லுறன் எண்டால் தெரியாது எண்டுதான் அர்த்தம். ஆனை போன மாசம் எங்கட பின் வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்து ரெண்டு தென்னம்பிள்ளையைத் திண்டிட்டுப் போனது. நல்லதும் இருக்கு. கறண்ட் இருக்கு. மாரியில காலபோக நெல்லு சரிவந்தால் சோத்துக்குப் பஞ்சம் இல்லை. முகாமில மாதிரி இரவில ஆரும் வந்து ஆளை எண்ண மாட்டினம். கதவைத் திறந்துபோட்டு நீ நினைச்ச நேரம் வெளியில போகலாம், நினைச்ச நேரம் வரலாம். வேறை நல்லது எழுதினால் திரும்பவும் வாய் நீண்டுபோகும், நிப்பாட்டுறன்.

ஐப்பசி முதல் கிழமை அடுத்த பட்டியல் முடிக்கினமாம். உன்ர பெயர் இன்னும் அதில இருக்கு. எடுக்கிறதோ வைக்கிறதோ எண்டு பிரேமிளா என்னட்டைக் கேட்டாள். எனக்கு அதில சொல்லு இல்லை, அவளின்ர வாயால கேளுங்கோ எண்டு சொல்லிப்போட்டன். சொல்லிப்போட்டு வந்து கிணத்துக் கட்டில கனநேரம் இருந்தனான். நீ வா எண்டு இந்தக் கடிதத்தில நான் ஒரு இடத்திலயும் எழுதேல்லை, பார். எழுத மாட்டன். உன்ர பிள்ளை கேட்ட கேள்விக்கு நீதான் அவளுக்குப் பதில் சொல்லோணும். என்ன பதில் சொன்னாலும் அதுக்கு நான் கட்டுப்படுறன்.

ஒண்டு மட்டும் கேக்கிறன். இந்தக் கடிதம் வந்து சேர இருபது நாள் செல்லும் எண்டு தபால் கந்தோரில சொல்லிச்சினம். புரட்டாதி தொடங்கினதில இருந்து ஞாயிற்றுக்கிழமையளில காலமை ஏழு மணிக்கு உனக்குப் போன் அடிப்பன். மறிச்சதை எடுத்துவிட்டு ஒருக்கா எடு. வாறனோ வரேல்லையோ எண்டு சொல்ல வேண்டாம். என்னை ஏசு. ஏனடி பொய் சொன்னனீ, லைன் முழுக்க என்ர முகத்தில கரி பூசினியே எண்டு வாய்க்கு வந்தபடி ஏசு. நான் குறுக்கால ஒரு வார்த்தை கதைக்க மாட்டன், சத்தியம். இந்தச் சத்தியத்தை நம்பு.

பிள்ளையார் உங்களைக் காக்கோணும். நீயும் உன்ர குடும்பமும் எங்க இருந்தாலும் நல்லா இருக்கோணும். அந்த எங்க இருந்தாலும் எண்டதை எழுத எனக்குக் கை வரேல்லை. பேனையைக் கீழ வைச்சு, எழும்பி, ஒரு செம்பு தண்ணி குடிச்சுப்போட்டு வந்துதான் எழுதினனான். எழுதிப்போட்டன். அழிக்க மாட்டன்.

உன்ர ஏச்சைக் காத்துக்கொண்டு இருக்கிற
அக்கா,
கமலாட்சி